இரவு டேட்டா

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஆறடிக்கு நாலடிக் கடை.
ரீலோட், போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம்.
கண்ணாடியில் ஒட்டிய பெக்கேஜ் தாள்களுக்குப் பின்னால்
எங்கேயோ என் முகம்.

மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட
லொத்தர் முடிவு பார்ப்பதுபோல
அவற்றை வாசிக்கிறார்கள்.
"இதுல எதும்மா நல்லது?"
நான் திருப்பிக் கேட்பேன்:
யாரோட பேசுறீங்க?
எத்தன மணிக்கு?
வீட்டுல எந்த மூலையில கோடு காட்டுது?

விலையை அப்புறம் பார்க்கலாம்.
டவர் எட்டாத மேல்கணக்கில்
மலிவு சிம் என்பது
வீடே இல்லாதவன் வாங்கிய பூட்டு.

இருபத்தெட்டு நாளை
மாசம் என்கிறான் கம்பெனிக்காரன்.
எண்ணிப் பாருங்கள்,
வருஷத்துக்குப் பதிமூன்று தடவை கை நீட்டுவான்.
நமக்குச் சம்பளம் பத்தாந்தேதி.
அவன் தேதியோ மாசாமாசம் முன்னால் நகர்ந்து
ஒருநாள் வெறுங்கையோடு நம்மைப் பிடிக்கும்.

நூறு போட்டால் நூறு ஏறாது.
கொழுந்து மடுவத்தில்
சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துக் கொடுத்தவர்களுக்கு
அதை நான் விளக்கியதே இல்லை.
"சரி, அங்கயும் வெட்டுறானா" என்பார்கள்,
அவ்வளவுதான்.

அன்லிமிடெட் என்று கொட்டை எழுத்தில்.
அடியில் எறும்பெழுத்தில் ஓர் எல்லை.
அது தாண்டினால்
படம் சுற்றும், சுற்றும்,
கொண்டை ஊசி வளைவில் ஏறும்
சீமெந்து லொறி மாதிரி.

இரவு டேட்டாவை மட்டும்
விற்கக் கூசுவேன்.
அறுபது ஜீபீ என்பான்,
அதில் நாற்பது
நடுச்சாமம் பன்னிரண்டிலிருந்து விடிய ஏழு வரைக்கும்.
விடியுமுன் எழும்பிப் பெரட்டுக்கு ஓடும் ஊரில்
யார் முழித்திருந்து செலவழிப்பது?
"தூங்குறவனுக்குப் போட்ட விருந்துங்க அது."
இப்படிச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

தர்மசீலன் சிரிக்கவில்லை.
கவாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி
கதவோரம் சாத்திவிட்டு வந்தவர்.
"இரவு டேட்டாதான் வேணும்.
அங்க மேடம் போனக் கையில குடுக்கிறது
ஒம்பதரைக்கு.
குவைத்துல ஒம்பதரைன்னா நமக்குப் பன்னெண்டு."

பன்னிரண்டு.
கம்பெனிக்காரனும் அந்த மேடமும்
கூடிப் பேசி வைத்ததுபோல.

எங்கே நின்று பேசுவீர்கள் என்றேன்.
"காம்பிராவுல ஒண்ணும் கேக்காது.
நாலாம் நம்பர் மலையில
தண்ணித் தொட்டிமேல ஏறினா மூணு கோடு.
சின்னவனப் போர்வையோட தூக்கிட்டுப் போவேன்.
பாதியில தூங்கிருவான்.
அவ அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பா,
பேசமாட்டா.
சும்மா பாக்குறதுக்கு எவ்வளவு போகும்?"

கால்குலேட்டரை எடுத்தேன்.
அசையாத முகத்துக்குக் குறைவாக வெட்டுமா?
யாரும் இதுவரை கேட்டதில்லை.
ஒரு ராத்திரிக்கு அரை மணி,
இருபத்தெட்டு ராத்திரி,
கூட்டிக் குறைத்து
ஏழோ எட்டோ வந்தது.

"அண்ணே, இதுல நாப்பது இருக்கு.
உங்களுக்குச் சின்னது போதும்,
பாதிக் காசு மிச்சம்."
முதல் தடவையாக என் கணக்கில்
எனக்கே ஒரு பெருமை.

அவர் தாளைப் பார்த்தார்.
வெளியே நோர்வூட் பஸ்
ஹோர்ன் அடித்தது.

"பெரிசையே போடுங்க" என்றார்.
"என்னைக்காவது ஒருநாள்
அந்தம்மா போனத் திருப்பி வாங்க
மறந்துட்டா?"

போட்டேன்.
இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்து.
மிச்சச் சில்லறைக்கு
இரண்டு டோர்ச் பெட்டரி கேட்டார்,
தொட்டிப் பக்கம்
சிறுத்தை நடமாட்டமாம்.